உறையவும் செய்யுது, கசியவும் செய்யுது

தூத்துக்குடி
7.7.2025, திங்கள்

அமலன் அத்தானுக்கு ஜெஸ்மி எழுதுதேன்.

நாலு வருசமா நம்ம ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அதனால சுகம் விசாரிச்சு ஆரம்பிக்கக் கூச்சமா இருக்கு. நேரா சொல்லிருதேன். உங்க தம்பி ஆஸ்பத்திரியில இருக்காங்க. ஆறு நாளாச்சு. ஐசியூல இருந்து இன்னும் வெளிய விடல.

உங்க வீட்டு வாசல்ல நின்னு அல்போன்சா அக்காட்ட உங்க கப்பல் மெயில் அட்ரஸ் வாங்குனேன். உள்ள வான்னு கூப்பிட்டாங்க, நான் போகல. கப்பல்ல இண்டர்நெட் பழுதாயிட்டு, சிங்கப்பூர் சேருற வரைக்கும் போன் கிடையாது, ஆபீஸ் மெயில் ஒண்ணுதான்னு அக்கா சொன்னாங்க. தமிழ்ல டைப் பண்ணுனா அங்க வெறும் கட்டங்கட்டமா வருமாம். அதான் கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்புதேன். செகண்ட் ஆபீசர் லிங்கராஜ்ங்கிறவர் பிரிண்ட் எடுத்துக் குடுப்பாராம். நாகர்கோவில் பக்கத்து ஆளு, தமிழ் வாசிப்பார்னாங்க. வாசிச்சா வாசிக்கட்டும்.

போன மாசம் 27ஆம் தேதி தருவைகுளத்துல இருந்து இவங்க மீன்பிடி போட்டு, நாள்கணக்கா கடல்லயே தங்கிப் பிடிக்கிற தங்கு கடலுக்குப் போச்சு. அஞ்சாம் நாள் காலையில வலைய இழுக்கும்போது இவங்களுக்கு மேல்வயித்துல வலி. முதுகு வரைக்கும் ஊடுருவிக் குத்துச்சாம். கூட இருந்த ஜோன்ஸ், "கேஸ்தாம்லே, சோடாவக் குடி"ன்னுருக்கான். குடிச்சதெல்லாம் வாந்தி. கன்னியாகுமரிக்கு அங்கன எங்கயோ நின்ன போட்டு கரைக்கு வர இருபத்தாறு மணி நேரம். அவ்வளவு நேரமும் ஒரு வாய் தண்ணி வயித்துல நிக்கல.

நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. உதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயி, ஆளே வேற மாதிரி. நான் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? "குடிச்சியளா?" ரெண்டு வருசமா அவங்க தொடல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் கேட்டேன். இல்லன்னு தலையாட்டுனாங்க. நான் நம்பல.

டாக்டரம்மா பேரு செல்வலட்சுமி. கணையம் வீங்கியிருக்குன்னாங்க. கணையம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. இரைப்பைக்குப் பின்னால இருக்காம். அதுல ஊறுற நீரு வெளிய வந்து தன்னையே அரிக்குதாம். இன்னைக்கு ரெண்டாவது ஸ்கேன் எடுத்தாங்க. பாத்துட்டு, மண்ணீரல் பக்கம் கட்டி இருக்குன்னாங்க. அதுக்கு அப்புறம் அவங்க பேசுனது ஒண்ணுமே என் காதுல ஏறல. கடைசியில ஒண்ணு மட்டும் கேட்டாங்க: "உங்க வீட்டுக்காரர் குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா? அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க?"

எனக்கு என்ன தெரியும்? கூடப்பிறந்தவரு நீங்க ஒருத்தர்தான். தெரிஞ்சத எழுதுங்க. உங்க தம்பிக்குத் தெரியாமத்தான் இத எழுதுதேன்.

ஜெஸ்மி


கப்பலில்
9.7.2025

ஜெஸ்மிக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. லிங்கராஜ் நான்காக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

நம் குடும்பத்தில் கேன்சர் யாருக்கும் கிடையாது. அம்மா சர்க்கரையில் போனார்கள். அப்பா போனது எப்படி என்று உன் வீட்டில்தான் தெரியும், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. நான் அப்போது கடலில் இருந்தேன்.

குடிக்கவில்லை என்று அவன் சொன்னால் நீ நம்பு. நான் அதில் தலையிடவில்லை. முன்பு தலையிட்டு என்ன கண்டேன்.

இங்கே பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகம் விட்டுப் பதினான்கு நாள். தென் அட்லாண்டிக்கில் கடல் மோசமாக இருக்கிறது. நேற்று ஒரு பைப்பை வெல்டிங் செய்யும்போது கோடு விலகிப் போயிற்று. கப்பல் ஆடியதால் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டி என்றால் என்ன கட்டி? எவ்வளவு பெரிது? எந்த டாக்டரும் அந்தச் சொல்லை வெறுமனே சொல்லிவிட்டுப் போகமாட்டார். நீ சரியாகக் கேட்டு எழுது. அவனுக்குச் சொல்லாமல் எழுதுகிறாய் என்றால் நானும் சொல்லாமலே ஜெபம் செய்கிறேன்.

அமலன்


தூத்துக்குடி
10.7.2025

அத்தானுக்கு,

அப்பா போனது எங்க வீட்டுலதான் தெரியும்னு எழுதியிருக்கீங்க. அந்த வரிய வாசிச்சிட்டு ஒரு பதிலும் எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா இப்ப ரோசம் பாக்க நேரமில்ல.

கட்டி இல்ல அத்தான். கட்டு. ரத்தக் கட்டு. துறைமுகத்துல நான் பாக்குற ஆபீஸ் வேலையில, ஒரு பேப்பர்ல ஒரு எழுத்து மாறுனா கண்டெய்னர் மூணு நாள் நகராது. அப்படிப்பட்டவ ஒரு எழுத்த மாத்திக் கேட்டுட்டு மூணு நாளா கேன்சர்னு நினைச்சு அழுதிருக்கேன். உங்களையும் பயப்படுத்திட்டேன்.

இந்தத் தடவை நோட்டும் பேனாவுமாப் போனேன். டாக்டரம்மா என் நோட்டுலயே படம் போட்டுக் காட்டுனாங்க. கணையத்த ஒட்டி ஒரு ரத்தக் குழாய் போகுது, மண்ணீரல்ல இருந்து ஈரலுக்கு. கணையம் வெந்து வீங்கும்போது அந்தச் சூடு பக்கத்துக் குழாயத் தொட்டு உள்ள ரத்தம் உறைஞ்சிருது. கடல்ல தண்ணியில்லாமக் காஞ்சு கிடந்ததும் ரத்தத்தக் கெட்டியாக்கியிருக்கும்னாங்க. இந்த நோய் வந்தவங்களுக்கு இப்படி உறையிறது அபூர்வம் இல்லையாம். காலுலயும் உறையலாம், அங்கன இருந்து நெஞ்சுக்குப் போனா மூச்சு நின்னுரும். அதுக்காகத்தான் கால்ல இறுக்கமா ஒரு உறை மாட்டி வச்சிருக்காங்க.

இங்கனதான் என் மூளை நின்னுபோச்சு. ரத்தம் உறையாம இருக்க ஊசி போடலாம்ல, போடுங்கன்னேன். "போடலாம். ஆனா கணையத்தச் சுத்தி அழுகுன எடம் இருக்கு. ஊசி போட்டா அங்க ரத்தம் கசியலாம்"ங்காங்க. அப்ப போடாதீங்கன்னேன். "போடாம விட்டா கட்டு ஈரல் குழாய்க்கும் குடல் குழாய்க்கும் வளரலாம்"ங்காங்க. ஒரே உடம்புல ரத்தம் உறையவும் செய்யுது, கசியவும் செய்யும்னா நான் எதுக்குன்னு பயப்படுவேன்?

சர்ஜன் டாக்டர் பொறுத்துப் பாப்போம், கணையம் வத்துனா கட்டும் தானாக் கரையும்ங்கார். டாக்டரம்மாவுக்கு ஊசி போடணும்னு மனசு. ரெண்டு பேரும் சண்டை போடல, மரியாதையாத்தான் பேசிக்கிடுதாங்க. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. இதுக்கு இன்னும் எல்லாரும் ஒத்துக்கிட்ட விதின்னு ஒண்ணு இல்லையாம்.

குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறையிற கோளாறு இருந்தா முடிவு எடுக்க லேசா இருக்கும்னாங்க. ரத்தத்துல டெஸ்ட் எடுங்கன்னேன். இந்த நோயோட இருக்கும்போது எடுத்தா அந்த டெஸ்ட் தப்பாக் காட்டுமாம். ஆகையினால கேக்கேன். அப்பாவுக்குக் கால் வீங்குமா? உங்களுக்கு எப்பவாவது?

இன்னொண்ணு. இது குடியால வந்ததில்ல. பித்தப்பையில கல்லு. ஒண்ணு நழுவி வந்து கணையத்து வாய அடைச்சிருக்கு. ஸ்கேன்ல நானே பாத்தேன், கடுகு மாதிரி. அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். மயக்க மருந்துல இருந்தாங்க, கேட்டுச்சோ என்னமோ.

சீக்கிரம் எழுதுங்க. ஊசிக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடுற பேப்பர் என் கைப்பையிலதான் இருக்கு.

ஜெஸ்மி


கப்பலில்
11.7.2025

ஜெஸ்மிக்கு,

கடிதம் கண்டேன். கேன்சர் இல்லை என்பதில் நிம்மதி.

அப்பாவுக்குக் கால் வீங்கிய நினைவு எனக்கு இல்லை. மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. டாக்டர்கள் படித்தவர்கள், அவர்கள் சொல்கிறபடி செய்.

அமலன்


கப்பலில்
12.7.2025

ஜெஸ்மி,

நேற்று எழுதியதைக் கிழித்துப் போடு.

காலையில் எஞ்சின் ரூமில் வேலை ஓடவில்லை. என் கேபினுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்தேன். அதை இதோடு வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டாவது வரியில் 'புரோட்டீன் சி' என்று இருப்பதை டாக்டரிடம் காட்டு. முதலில் அதைச் செய். மீதியைப் பிறகு வாசி.

2022 செப்டம்பரில் பதினொரு மாதம் முடித்து மும்பையில் இறங்கினேன். இறங்கிய மறுநாள் இடது கால் தொடைவரை வீங்கிப் பூசணிக்காய்போல் ஆனது. லாட்ஜ்காரர் காட்டிய கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் உறைந்திருந்தது. ஊசி, பிறகு ஆறு மாதம் மாத்திரை. கம்பெனியில் பேப்பர் வேலை முடியவில்லை, அதனால் மும்பையிலேயே இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொன்னேன். ஊருக்கு வந்தபின் நொண்டியதற்கு ஏணியில் வழுக்கிவிட்டேன் என்றேன். அல்போன்சாவுக்கு இன்றுவரை தெரியாது.

மாத்திரை முடிந்த பிறகு அதே டாக்டர் ரத்தத்தில் டெஸ்ட் எடுத்தார். அந்தக் காகிதம்தான் இது. ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கிற ஒரு பொருள் என் உடம்பில் பிறவியிலேயே குறைவு. அவர் சொன்னார், இது குடும்பத்தில் வருவது, உன் கூடப்பிறந்தவர்களுக்குக் கட்டாயம் சொல்லு. பிறகு, அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார்.

வயிறு வலித்தது, தம்பி மெடிக்கல் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனான், மறுநாள் மூச்சு வாங்கி மதியத்துக்குள் போய்விட்டார் என்றேன். அப்பாவுக்கும் இதுதானா என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இருக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்தான்.

அப்பா செத்த அன்று, தம்பி கிளாட்வின் கரைக்கு வந்ததும் சாட்டிலைட் போனில் நான் அவனிடம் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். நீயும் பக்கத்தில் நின்றாய். "அப்பாவ நீதாம்லே கொன்ன." அது இல்லாமலும் இருக்கலாம் என்று எனக்கு 2023 மார்ச்சிலேயே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். நம் தெருவில் பாதிப் பேர் கப்பலில் இருக்கிறார்கள். ஒருவன் வாய்விட்டால் ஏஜெண்ட் காதுக்குப் போகும், மெடிக்கல் சர்டிபிகேட் போய்விடும், பிறகு எனக்குக் கப்பல் இல்லை. ஒவ்வொரு காண்ட்ராக்டுக்கும் படிவத்தில் ரத்தம் உறைந்ததுண்டா என்ற கேள்வி வரும். இல்லை என்று டிக் போடுவேன். இது ஒரு காரணம். சொன்னால் அந்த வார்த்தையை அவனிடம் திரும்ப வாங்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கே விளங்கவில்லை.

இதை லிங்கராஜ்தான் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். கொடுக்கப் போகிறேன்.

அமலன்


தூத்துக்குடி
13.7.2025

அத்தானுக்கு,

பேப்பர டாக்டரம்மாகிட்ட குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமையும் வந்து பாத்தாங்க. ரெண்டு தடவ வாசிச்சாங்க. "உங்க வீட்டுக்காரருக்கும் இது இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு"ன்னாங்க. பாதிக்குப் பாதின்னா இருக்கா இல்லையான்னு கேட்டேன். சிரிக்கல. "இத வச்சு இனிமே நான் காத்திருக்க மாட்டேன்"ன்னாங்க. சர்ஜனும் சரின்னுட்டார்.

மதியம் மூணு மணிக்கு முதல் ஊசி. தொப்புளுக்குப் பக்கத்துல. இனி காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.

மத்ததப் பத்தி இப்ப எழுத மாட்டேன். எழுதுனா என்ன எழுதுவேன்னு எனக்கே தெரியல.

ஜெஸ்மி


தூத்துக்குடி
17.7.2025

அத்தானுக்கு,

இன்னைக்குக் காலையில அவங்க ரத்தமா வாந்தி எடுத்தாங்க. நான் கையில பிடிச்சிருந்த கிண்ணத்துல, காப்பித்தூள் கலந்த மாதிரி. அப்புறம் சிவப்பாவே வந்துச்சு. ஊசிய நிறுத்திட்டாங்க. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துதாங்க. ஜோன்சும் போட்டு ஆளுங்களும் ரத்தம் குடுக்க வந்து கீழ வரிசையில நிக்காங்க.

உங்க பேப்பராலதான். அத நான் குடுக்காம இருந்திருந்தா சர்ஜன் சொன்னபடி காத்திருந்திருப்பாங்க. கையெழுத்துப் போட்டது நான். என் கையாலயே போட்டேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே சொல்லியிருந்தா நல்லா இருக்கும்போதே டெஸ்ட் எடுத்திருக்கலாம். இருக்கா இல்லையான்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். இப்படி நாணயத்த சுண்டி விட்டுப் பாக்குற மாதிரி ஊசி போட்டிருக்க வேண்டாம். நீங்க சொல்லாம இருந்தது எங்களக் கெடுத்துச்சா, சொன்னது கெடுத்துச்சா? ரெண்டும் உங்க வேலைதான்.

கடல் மேல இருந்துக்கிட்டு ஜெபம் பண்ணுதேன்னு எழுதாதீங்க. எழுதுனா நான் வாசிக்க மாட்டேன்.

அப்பா செத்த நாள்ல இருந்து உங்க தம்பி வீட்டுல யாருக்கும் ஒரு தலைவலி மாத்திரை கூட வாங்கிக் குடுத்ததில்ல. எங்க பிள்ளை அனிஷாவுக்குக் காய்ச்சல்னாலும், "நீ போயி வாங்கு"ம்பாங்க. சோம்பேறித்தனம்னு நான் ஏசியிருக்கேன். இப்பத்தான் புரியுது.

ஜெஸ்மி


கப்பலில்
19.7.2025

ஜெஸ்மிக்கு,

நீ வாசிப்பாயா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

சொன்னது கெடுத்ததா என்று எனக்கும் தெரியாது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேப்டனிடம் போனேன். லிங்கராஜ் எப்படியும் சொல்லிவிடுவார், அதற்குமுன் நானே சொல்லிவிடலாம் என்று. கேப்டன் ஒன்றும் அறியாமல் என்னைப் பார்த்தார். லிங்கராஜ் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் சொல்லாமலே இருந்திருந்தால் இந்தக் கப்பலில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதற்குள் பாதி சொல்லிவிட்டேன், மீதியையும் சொன்னேன்.

கம்பெனிக்கு மெயில் போயிற்று. பதில் வந்துவிட்டது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி சிங்கப்பூரில் இறங்கவேண்டும். அதன்பின் மெடிக்கல் போர்டு. திரும்பக் கப்பல் கிடைக்குமா என்றால் கேப்டன் கையை விரித்தார். ஃபிட்டர் வேலையைத் தவிர எனக்கு வேறு தெரியாது. இருபத்திரண்டு வருடம்.

ஒரே உடம்பில் உறையவும் கசியவும் எப்படிச் செய்யும் என்று முன்பு கேட்டிருந்தாய். உன் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு உடம்பு தெரியாது, பைப் தெரியும். ஒரு லைன் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்பதில்லை. பின்னால் அழுத்தம் ஏறும். பக்கத்தில் இருக்கிற சின்ன சின்ன லைனுக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். அதில் எது மெலிந்ததோ அது ஒழுகும். ஒழுகுகிறது என்று அந்த இடத்தை மட்டும் அடைத்தால் போதாது. அடைப்பை எடுக்க வேண்டும். எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். அவன் விஷயத்தில் அப்படித்தானா என்று டாக்டரிடம் கேட்டுப் பார். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஏற்கெனவே தவறியவன்.

அல்போன்சாவுக்கும் எழுதிவிட்டேன். பதில் இல்லை.

அவன் உயிரோடு இருக்கிறானா என்பதை மட்டும் ஒரு வரி எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

அமலன்


தூத்துக்குடி
20.7.2025

இருக்காங்க. ரத்தம் நின்னுட்டு. ஊசி இன்னும் ஆரம்பிக்கல.

ஜெ.


தூத்துக்குடி
27.7.2025, ஞாயிறு

அமலன் அத்தானுக்கு,

நேத்து மாதா கோயில்ல திருவிழாக் கொடி ஏத்தியாச்சு. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியா வெடிச் சத்தம் கேட்டுச்சு. இவங்கள வார்டுக்கு மாத்தி நாலு நாளாகுது. கஞ்சி குடிக்காங்க.

நீங்க எழுதுன பைப் கதைய டாக்டரம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். "இவர் என்ன வேலை பாக்குறார்?"ன்னு கேட்டாங்க. அப்படியும் நடக்குமாம். மண்ணீரல் குழாய் அடைச்சா இரைப்பைச் சுவர்ல உள்ள சின்னக் குழாயெல்லாம் புடைச்சு ஒழுகுமாம். அப்படித்தான் ஆயிருக்கோன்னு வாய் வழியா குழாய் விட்டுப் பாத்தாங்க. ஆனா இவங்களுக்கு அது இல்ல. இரைப்பையில ரெண்டு மூணு புண்ணு, நோயோட வேதனையில வர்றதாம், அதுல இருந்துதான் ரத்தம். ஊசி போட்டதால கொஞ்சம் கூடுதலா வந்திருக்கும். அப்ப நீங்க சொன்னது சரியா தப்பான்னு கேட்டேன். "சரி, ஆனா இவருக்கு இல்ல"ன்னாங்க. எல்லாமே இப்படித்தான் சொல்லுதாங்க அத்தான். நான் நோட்டுல எழுதிக்கிடுதேன், வீட்டுக்குப் போயி வாசிச்சா ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது.

புண்ணுக்கு மருந்து குடுத்து, அஞ்சு நாள் கழிச்சு கொஞ்சம் அளவக் குறைச்சு ஊசிய மறுபடி ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு நான் கையெழுத்துப் போடும்போது பேனா பேப்பரக் கிழிச்சிட்டு. வேற பேப்பர் குடுத்தாங்க. வெள்ளிக்கிழமை ஸ்கேன்ல கட்டு அங்கனயே நிக்குது. ஈரல் குழாய்க்கு ஒரு விரல் தூரம் இருக்கும்போதே நின்னுட்டு. ஊசி இல்லாம இருந்தா போயிருக்குமான்னு கேட்டேன். "போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். போட்டதுல எனக்கு வருத்தம் இல்ல"ன்னாங்க. அத வச்சு நானும் என்னைத் தேத்திக்கிட்டேன். உங்க பேப்பராலதான்னு நான் எழுதுனத நீங்க அழிச்சிருங்க. முழுசா அழிக்க வேண்டாம், ரெண்டு வருசம் சொல்லாம இருந்ததப் பத்தி எழுதுனது இருக்கட்டும்.

இனி ஊசி போயி மாத்திரை. ஆறு மாசமா, ஆயுசு முழுக்கவான்னு, உடம்பு தேறி அந்த டெஸ்ட் எடுத்த பிறகு சொல்லுவாங்க. அதுக்கு நடுவுல பித்தப்பையையும் எடுக்கணும். அனிஷாவுக்கும் பின்னால டெஸ்ட் எடுக்கணுமாம். தங்கு கடலுக்கு இனி போகக்கூடாதுன்னுட்டாங்க, மாத்திரை சாப்பிடுறவருக்கு அங்கன அடிபட்டா ரத்தம் நிக்காதுன்னு. அத இவங்ககிட்ட இன்னும் நான் சொல்லல. நானும் சொல்லாம வச்சிருக்கேன் பாருங்க. உங்கள ஏசுனவதான்.

இப்ப நீங்க கேக்காம விட்டதுக்கு வாரேன்.

வியாழக்கிழமை அவங்களுக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனேன். நான் உங்களுக்கு எழுதுனதே தெரியாதுல்ல, முதல்ல அதுக்குக் கோவப்பட்டாங்க. அப்புறம் 12ஆம் தேதி கடிதத்த எடுத்தேன். பாதியில, "நிறுத்து. மும்பை டாக்டர் சொன்னத மறுபடி வாசி"ன்னாங்க. வாசிச்சேன். "இன்னொரு தடவ." வாசிச்சேன். சுவர்ப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. நான் அழுவாங்கன்னு நினைச்சேன். அழல. "அந்த மெடிக்கல்காரன்ட்ட எத்தன தடவ போயிருப்பேன் தெரியுமா, ஜெஸ்மி? கேஸ் மாத்திரை ஆளக் கொல்லுமாண்ணாச்சின்னு கேக்க. கொல்லாதும்பான். அடுத்த மாசம் மறுபடி போவேன். கடைசியில என்னைக் கண்டா ஷட்டர இறக்குற மாதிரி ஆயிட்டான்."

அத்தான், நான் ஒரே வீட்டுல இருந்தவ. எனக்கு இது தெரியாது.

டாக்டரம்மா வரும்போது இவங்களே கேட்டாங்க, எங்கப்பாவுக்கும் இதுதானான்னு. டாக்டரம்மா பக்கத்துல உக்காந்து பொறுமையாச் சொன்னாங்க. இதுவா இருக்கலாம். மாரடைப்பா இருக்கலாம். குடல் சம்பந்தமா வேற எதுவாவும் இருக்கலாம். அன்னைக்கு யாரும் பாக்கல, இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்த மாத்திரையால இல்ல, அது மட்டும் நிச்சயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பாரான்னு இவங்க அடுத்ததாக் கேட்டாங்க. டாக்டரம்மா, "தெரியல கிளாட்வின்"ன்னாங்க. எனக்கு அவங்க மேல கோவம் வந்துச்சு, ஒரு பொய் சொல்லியிருந்தா என்னன்னு. இவங்க ஆனா தலையாட்டுனாங்க. அந்தப் பதில் போதும்ங்கிற மாதிரி.

உங்களப் பத்திக் கேட்டேன். "அவன்ட்ட பேச எனக்கு இஷ்டமில்ல"ன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமையும் அதே பதில். நேத்து அல்போன்சா அக்கா வந்தாங்க. கட்டிலுக்கு அங்கிட்டு அவங்களும் இங்கிட்டு நானும் உக்காந்து, நீங்க எங்க ரெண்டு பேருக்கும் எழுதுனத மாத்தி மாத்தி வாசிச்சோம். அக்கா உங்க மேல கொலவெறியில இருக்காங்க. ஏணியில வழுக்கி விழுந்தேன்னு சொன்னீங்களாமே, ஒரு மாசம் எண்ணெய் போட்டுத் தேச்சு விட்டாங்களாம். உறைஞ்ச காலத் தேச்சதே ஆபத்துன்னு இப்பத்தான் தெரிஞ்சு நடுங்கிப் போயிருக்காங்க. இறங்குற நாள மட்டும் மறக்காமக் கேட்டுட்டுப் போனாங்க. மதுரை ஏர்போர்ட்டுக்கு வருவாங்கன்னுதான் நினைக்கேன்.

இன்னைக்கு இவங்கள வராண்டாவுல நடக்க வச்சாங்க. என் தோளப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டு வந்து மூச்சு வாங்க உக்காந்தாங்க. நடந்தாத்தான் கால்ல ரத்தம் தங்காதுன்னு நர்ஸ் சொல்லிட்டே வந்தா. அவ போன பெறகு, என் முகத்தப் பாக்காம, "அவன் சிங்கப்பூர்ல இருந்து எப்படி வாரான்?"ன்னு கேட்டாங்க.

"பிளேன்லதான்"னேன்.

"எத்தன மணி நேரம்?"

"நாலு மணி நேரம் இருக்கும்."

"அவனுக்கு எழுது"ன்னாங்க. நான் நோட்ட எடுத்தேன். அவங்க சொன்னத அப்படியே எழுதுதேன். நான் ஒண்ணும் சேக்கல.

"ஏலே, ஒரே எடத்துல காலத் தொங்கப்போட்டு உக்காந்துராத. மணிக்கு ஒருக்க எந்திரிச்சு நட. தண்ணி குடி."

ஜெஸ்மி